சென்சிட்டிவிட்டி கூடுதலாக உள்ள சப்வூஃபர் நன்றாக ஒலிக்குமா?

கேள்வி: நெல்லிக்குப்பம் வாசகர், 2025 சனவரி 5

என் ஹேட்ச்பேக் காருக்கு 10 அங்குல சப்வூஃபர் (பேஸ் ஒலிக்கென்றே உள்ள ஸ்பீக்கர்) வாங்கக் கடைக்குப் போனேன். இரண்டு காட்டினார்கள். ஒன்றின் அட்டையில் சென்சிட்டிவிட்டி 92 டெசிபெல் என்றும், மற்றொன்றில் 83 என்றும் இருந்தது. டெசிபெல் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு குவாலிட்டி என்றார் கடைக்காரர். போட்டும் காட்டினார், 92 உள்ளதே நன்றாக இருந்தது. ஆனால் 83 உள்ளதன் விலை ஏறத்தாழ இரண்டு மடங்கு. குறைந்த எண்ணுக்குக் கூடுதல் விலை எதற்காக?

பதில்: சனவரி 5, இரவு

அந்த எண் தரத்தைச் சொல்வதே இல்லை. ஒரு வாட் கொடுத்து, ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் எவ்வளவு சத்தம் வரும் என்பதை மட்டுமே அது சொல்கிறது. பாகூரில் என் பெரியப்பா மைக் செட் வைத்திருந்தார். தென்னை மரத்தில் கட்டிய குழாய் ஒன்றுக்கு 40 வாட் யூனிட் போட்டால், வயல்களைத் தாண்டி அடுத்த ஊரில் உள்ளவர்களும் விடியற்காலையில் எழுந்துவிடுவார்கள். அந்தக் குழாயின் சென்சிட்டிவிட்டி 105 டெசிபெலைத் தாண்டும். கடைக்காரர் சொல்வது உண்மையானால், அதைக் கழற்றி உங்கள் டிக்கியில் வைப்பதுதான் முறை.

கடையில் 92 நன்றாக இருந்ததற்குக் காரணம் எளிது. ஒரே ஆம்ப், ஒரே வால்யூம். சுவிட்சை மட்டும் மாற்றியிருப்பார்கள். கூடுதல் சத்தமாகக் கேட்பதைக் காது நல்ல ஒலி என்றே எடுத்துக்கொள்ளும். இரண்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்த பிறகு ஒப்பிட்டீர்களா என்பதே நான் கேட்க வேண்டிய கேள்வி.

சனவரி 7

உங்கள் எண்களைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. என்னிடம் உள்ள இரண்டின் அட்டையிலும் இதே 92, இதே 83 தான். இரண்டும் 10 அங்குலம், இரண்டும் 4 ஓம். பழையதை 92 என்றும் புதியதை 83 என்றும் இனி அழைக்கிறேன்.

மஞ்சக்குப்பத்திலிருந்து முதலியார்பேட்டை அலுவலகத்துக்கு நாள்தோறும் போய்வருகிறேன். ஒரு வழிக்கு 22 கிலோமீட்டர் அளவில் வரும். கன்னியக்கோவில், கிருமாம்பாக்கம் வழியாகப் போகும் அந்த ஒரு மணி நேரம்தான் எனக்குப் பாட்டுக் கேட்க வாய்க்கும் நேரம். இரண்டு ஆண்டுகள் 92இல் கேட்டேன். கடந்த டிசம்பரில் 83 வாங்கிப் புதுப் பெட்டி செய்து வைத்தேன். பழையதை அதன் பழைய பெட்டியிலேயே விட்டு, இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டுப் பார்த்தபோது, மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பி ஒலி புதியதில் உருண்டையாகவும் முடிவு தெளிந்தும் கேட்டது. பழையதிலோ ஒவ்வொரு தட்டுக்குப் பின்னும் ஒரு 'பொம்' தங்கிக்கொண்டது. எண் குறைந்ததுதான் என் காதுக்கு நல்லது.

அதற்கான விலையையும் சொல்லிவிடுகிறேன். வேறுபாடு 9 டெசிபெல். 3 டெசிபெலுக்கு ஒருமுறை வாட் இரட்டிக்கும். ஆகவே ஒரே சத்தத்துக்குப் புதியது எட்டு மடங்கு மின்சாரம் கேட்கும்.

சனவரி 8

எட்டு மடங்கு என்று எழுதியது தவறு. ஒருவர் சுட்டிக்காட்டியது சரிதான்: என் 92இன் அட்டையில் "2.83 வோல்ட், 1 மீட்டர்" என்றும், 83இன் அட்டையில் "1 வாட், 1 மீட்டர்" என்றும் பொடி எழுத்தில் உள்ளன. 2.83 வோல்ட் என்பது 8 ஓம் ஸ்பீக்கரில்தான் ஒரு வாட். 4 ஓமில் அதுவே இரண்டு வாட், 2 ஓமில் நான்கு வாட். அதாவது என் 92க்கு இரண்டு வாட் ஊட்டிவிட்டு ஒரு வாட் சாப்பிட்டவனோடு எடை பார்த்திருக்கிறேன். 3 கழித்தால் அது 89. வேறுபாடு 6 டெசிபெல், நான்கு மடங்கு மின்சாரம்.

அட்டையில் வோல்ட் எழுதியிருக்கிறதா, வாட் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் அந்த எண்ணை மறந்துவிடுங்கள்.

சனவரி 12

விடுமுறை என்பதால் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இது நீளும்.

குறைந்த எண்ணுக்கு ஏன் கூடுதல் விலை என்று கேட்டிருந்தீர்கள். ஸ்பீக்கர் பெட்டி செய்பவர்களிடையே ஹாஃப்மனின் இரும்பு விதி என்று ஒன்று உண்டு. 1957இல் அமெரிக்காவில் தொடங்கிய கே.எல்.எச். நிறுவனத்தின் பெயரில் உள்ள மூன்றாவது எழுத்துக்கு உரியவர் அந்த ஹாஃப்மன். சிறிய பெட்டி, ஆழமான பேஸ், உயர்ந்த சென்சிட்டிவிட்டி ஆகிய மூன்றில் இரண்டைத்தான் எடுத்துக்கொள்ள முடியும், மூன்றாவதை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதே விதி. காரில் பெட்டி சிறியதாக இருக்க வேண்டும் என்பது நாம் கேட்காமலே முடிவாகிவிட்டது. மளிகையும் வாழைத்தாரும் அதே டிக்கியில்தான் வர வேண்டும். மீதியுள்ள இரண்டில் ஒன்று.

இதை எண்களாக ஆக்கித் தந்தவர்கள் இருவர். நெவில் தீல் 1961இல் ஆஸ்திரேலியாவில் வெளியிட்ட கட்டுரையும், சிட்னி பல்கலைக்கழகத்தில் இருந்த ரிச்சர்டு ஸ்மால் 1970களின் தொடக்கத்தில் அதன்மேல் கட்டியெழுப்பிய கட்டுரைகளும்தான், இன்று ஒவ்வொரு சப்வூஃபர் கையேட்டிலும் அச்சாகும் எஃப்.எஸ்., வி.ஏ.எஸ்., க்யூ.இ.எஸ். என்ற எண்களுக்கு மூலம். எஃப்.எஸ். என்பது ஸ்பீக்கர் தானாக அதிரும் ஒத்ததிர்வு எண்; வி.ஏ.எஸ். அதன் சஸ்பென்ஷனுக்கு இணையாக நெகிழும் காற்றின் லிட்டர் அளவு; க்யூ.இ.எஸ். அந்த அதிர்வைக் காந்தமும் காயிலும் எவ்வளவு அடக்குகின்றன என்பதைச் சொல்லும் எண். அவர்களது சூத்திரத்தின்படி, ஒரு ஸ்பீக்கரின் திறன், அதாவது கொடுத்த மின்சாரத்தில் ஒலியாகும் பங்கு, அதன் ஒத்ததிர்வு எண்ணான எஃப்.எஸ்ஸின் மும்மடிக்கும் வி.ஏ.எஸ்ஸுக்கும் நேர் விகிதத்திலும், க்யூ.இ.எஸ்ஸுக்கு எதிர் விகிதத்திலும் அமைகிறது. மும்மடி என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது.

என் 92இன் எஃப்.எஸ். 40 ஹெர்ட்ஸ், வி.ஏ.எஸ். 50 லிட்டர், க்யூ.இ.எஸ். 0.55. கணக்கிட்டால் திறன் 0.56 சதவீதம், ஒரு வாட்டுக்கு ஏறத்தாழ 89.5 டெசிபெல். 83இன் எஃப்.எஸ். 27 ஹெர்ட்ஸ், வி.ஏ.எஸ். 30 லிட்டர், க்யூ.இ.எஸ். 0.5. திறன் 0.11 சதவீதம், ஒரு வாட்டுக்கு ஏறத்தாழ 82.5. அட்டைகள் பொய் சொல்லவில்லை. வேறுபாடு 7 டெசிபெல். அதில் 5 டெசிபெல், 40க்கும் 27க்கும் உள்ள மும்மடி வேறுபாட்டால் மட்டும் வந்தது. ஆகவே 92 என்ற எண், 'என் ஒத்ததிர்வு மேலே இருக்கிறது' என்பதை வேறு வார்த்தையில் சொல்கிறது. கீழே இறங்குவதற்காகக் கோனை (முன்னும் பின்னும் அதிரும் கூம்பை) எடை கூட்டிச் செய்தால் எண் சரியும்.

இரண்டையும் 20 லிட்டர் மூடிய பெட்டியில் வைத்ததாகக் கொள்வோம். பெட்டிக்குள் அடைபட்ட காற்று ஸ்பிரிங்கைப் போல இறுக்கும். 92இன் ஒத்ததிர்வு 75 ஹெர்ட்ஸுக்கும் 83இன் ஒத்ததிர்வு 43 ஹெர்ட்ஸுக்கும் ஏறிவிடும். ஒரு வாட் கொடுத்தால் 80 ஹெர்ட்ஸில் பழையது 89.5, புதியது 82.5 டெசிபெல், அட்டையில் உள்ளபடியே 7 வேறுபாடு. 40 ஹெர்ட்ஸில் இரண்டும் 79ஐ ஒட்டி நிற்கின்றன, வேறுபாடு காதுக்குத் தெரியாது. 30 ஹெர்ட்ஸில் பழையது 74, புதியது 75.5.

இந்த மூன்று வரிகளை இரண்டு முறை சரிபார்த்தேன், நம்ப முடியாமல். சென்சிட்டிவிட்டியில் ஐந்தில் ஒரு பங்கு திறன் உள்ள ஸ்பீக்கர், சப்வூஃபர் எதற்காக இருக்கிறதோ அந்த 30 ஹெர்ட்ஸில் கூடுதல் சத்தம் தருகிறது. பேஸ் கிட்டாரின் கீழ்த் தந்தி 41 ஹெர்ட்ஸ். அட்டையில் உள்ள எண் அதற்கு மேலே உள்ள ஒலிகளின் எண்.

சனவரி 13

"பொங்கலுக்குப் பானை வாங்கப் போகிறவர்கள் வாய் அகலத்தைப் பார்ப்பார்கள், நீங்கள் மும்மடி பார்க்கிறீர்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பானைக்கும் லிட்டர் கணக்குத்தான் முக்கியம் ஐயா.

சனவரி 18

இன்று ஆற்றுத் திருவிழா. பெண்ணையாற்றுப் பாலத்தை நெருங்கும்போதே வண்டிகள் நின்றுவிட்டன. பக்கத்தில் நின்ற காரில் பேஸ் டியூப் (உருளை வடிவ சப்வூஃபர் பெட்டி) அலறியது. பாட்டில் எந்த சுரம் வந்தாலும் அதிலிருந்து வந்தது ஒரே சுரம், சுமாராக 60 ஹெர்ட்ஸ். அதன் நம்பர் பிளேட் ஒவ்வொரு அடிக்கும் துடித்தது. அந்த டியூபின் அட்டையிலும் பெரிய எண்தான் இருந்திருக்கும். அந்த ஒரு சுரத்தில் அது உண்மையாகவும் இருக்கும். போர்ட் (காற்றுத் துளை) வைத்த பெட்டியைச் சிறியதாகச் செய்து மேலே டியூன் செய்தால், அந்த இடத்தில் மட்டும் சத்தம் மலை போல் எழும். மற்ற இடம் பள்ளம்.

சனவரி 21

"எடை கூடிய கோன் மெதுவாகத்தானே நகரும், அப்புறம் எப்படித் தொப்பி ஒலி தெளிவாகும்?" என்று கேட்டிருக்கிறார்கள். எடை சென்சிட்டிவிட்டியைக் குறைக்கும், வேகத்தைக் குறைக்காது. மேல் ஒலிகளை வெட்டும் லோ பாஸ் ஃபில்டரை 80 ஹெர்ட்ஸில் வைத்துவிட்டால் இரண்டு கோன்களுக்கும் போவது ஒரே மெதுவான அலைதான். 'பொம்' என்று தங்குவது, பெட்டியில் வைத்த பிறகு ஒத்ததிர்வு எவ்வளவு கட்டுக்குள் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. மூடிய பெட்டிக்கு அதை அளக்கும் எண் 0.7 அருகில் இருந்தால் நல்லது. 20 லிட்டரில் புதியதற்கு 0.72 வருகிறது, பழையதற்கு 0.93. பழையதற்கு இன்னும் பெரிய பெட்டி தேவை. டிக்கியில் இடமில்லை.

சனவரி 26

இதுவரை ஒரு வாட் கணக்கு. யாரும் ஒரு வாட்டில் கேட்பதில்லை.

கோன் முன்னும் பின்னும் எவ்வளவு தூரம் ஒழுங்காக நகரும் என்பதைச் சொல்லும் எண் எக்ஸ்மேக்ஸ். என் 92க்கு அது 5 மில்லிமீட்டர், 83க்கு 12. இரண்டின் பரப்பும் ஒன்றுதான். 12ஐ 5ஆல் வகுத்து டெசிபெலாக்கினால் 7.6. அதாவது 80 ஹெர்ட்ஸில் பழையது 7 டெசிபெல் முந்தியதற்கு, 30 ஹெர்ட்ஸில் உச்சத்துக்குப் போகும்போது புதியது 7 டெசிபெலுக்கும் மேல் முந்தித் தீர்த்துவிடுகிறது. மொய் திரும்பி வந்த கதை.

வாட்டில் சொன்னால் இன்னும் தெளிவாகும். 30 ஹெர்ட்ஸில் பழையது தன் 5 மில்லிமீட்டரை 60 வாட்டிலேயே முடித்துவிடும். அதற்கு மேல் கொடுப்பதெல்லாம் கோனைத் தள்ளும் காயிலைக் காந்த இடைவெளிக்கு வெளியே தள்ளும். அப்போது வருவது பேஸ் அல்ல, முனகல். புதியது 250 வாட் அருகில் வரை ஒழுங்காக நிற்கும். கூடுதல் விலை போகும் இடம் இதுதான்: நீளமான காயில், பெரிய காந்தம், நீண்ட தூரம் போய் நேராகத் திரும்பும் சஸ்பென்ஷன்.

ஆனால் அந்த 250 வாட் உங்கள் ஆம்பிலிருந்து உண்மையாகவே வர வேண்டும். "3000 வாட்" என்று அட்டையில் எழுதிய ஆம்ப் ஒன்றை என் தலையில் கட்டினார்கள். திருப்பிப் பார்த்தால் 30 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றே ஒன்று. 30ஐ 13.8 வோல்ட்டால் பெருக்கினால் 414 வாட். அதுதான் உள்ளே போவது. கிளாஸ் டி ஆம்ப் என்பதால் எண்பது சதவீதம் வெளியே வரும் என்று வைத்தாலும் 330. மீதி 2670 வாட் அட்டையை அச்சடித்தவர் வீட்டில் இருக்கிறது. சி.இ.ஏ. 2006 என்ற முத்திரை இருந்தால் 14.4 வோல்ட்டில், சிதைவு ஒரு சதவீதத்துக்குள் அளந்தது என்று பொருள்; அது இல்லாவிட்டால் ஃபியூஸை நம்புங்கள்.

எனவே சனவரி 5 அன்று எழுதியதில் ஒரு திருத்தம். சென்சிட்டிவிட்டி தரத்தைச் சொல்வதில்லை என்றேன். குறைந்த எண் உள்ளதை வாங்கி, ஆம்ப் போதாமல் வால்யூமைத் திருகினால், ஆம்ப் அலையின் தலையைச் சீவிவிடும். அந்தச் சிதைவு ஸ்பீக்கரின் கணக்கில் போய்விழும். அந்த வழியாக எண்ணுக்கும் தரத்துக்கும் ஒரு சுற்றுறவு உண்டு.

பிப்ரவரி 2

என் வாதத்துக்கு எதிராக நானே ஒன்று எழுத வேண்டியிருக்கிறது.

காரின் உள்நீளத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட அலைநீளமுள்ள ஒலிகள் உள்ளே அலையாக ஓட இடமில்லாமல், முழு அறையையும் ஒன்றாக அழுத்தித் தளர்த்தும். என் வண்டியில் அந்த நீளம் 2.4 மீட்டர், எல்லை ஏறத்தாழ 71 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே, கதவுகள் இறுக்கமாக இருந்தால், ஹெர்ட்ஸ் எண் பாதியாகும் ஒவ்வொரு முறையும் 12 டெசிபெல் வரை காரே கூட்டிக் கொடுக்கும். மூடிய பெட்டியோ தன் ஒத்ததிர்வுக்குக் கீழே அதே 12 டெசிபெல் வீதம் குறையும்.

இப்போது பாருங்கள். நான் குறை சொன்ன 92, பெட்டியில் வைத்ததும் 75 ஹெர்ட்ஸிலிருந்து சரிகிறது. கார் 71இலிருந்து தூக்கிவிடுகிறது. ஏட்டுக் கணக்கில் அது சமதளம்! 83தான் 43 வரை சரியாமல் நின்று, காரின் தூக்கலையும் வாங்கிக்கொண்டு கீழே வீங்கும். அதை ஈக்வலைசரில் குறைக்க வேண்டியிருக்கும். வீட்டில் தோற்கும் ஸ்பீக்கர் காரில் கரை சேரலாம். உண்மையில் தகடு நெளியும், கண்ணாடி ரப்பர் வழியே காற்று கசியும், அதனால் 12 முழுதாகக் கிடைப்பதில்லை. இருந்தாலும் 'ஆழம் இல்லை' என்று 92ஐ நான் தள்ளிவைத்தது அவசரம். 60 வாட் எல்லை மட்டும் மாறவில்லை.

பின்பு நான் கேட்ட அந்த 'பொம்' எங்கிருந்து வந்தது? 0.93 என்பது அவ்வளவு பெரிய குற்றம் அல்ல. அதனால் ஒலியில் எழும் மேடு ஒரு டெசிபெல்கூட இராது.

பிப்ரவரி 9

கண்டுபிடித்துவிட்டேன். வெட்கமாகவும் இருக்கிறது.

நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது என் வண்டி புதுச்சேரி ரெயின்போ நகரில் சித்தப்பா வீட்டு வாசலில் நின்றது. தண்ணீர் கதவின் கீழ் விளிம்பைத் தாண்டி உள்ளே வந்து, ஸ்டெப்னிக் குழியை நிரப்பி, சப்வூஃபர் பெட்டியின் அடியையும் நனைத்தது. ஸ்பீக்கருக்கு ஒன்றும் ஆகவில்லை. பெட்டி எம்.டி.எஃப். (மர இழையை அழுத்திச் செய்த பலகை); காய்ந்த பிறகு மேலே பார்க்க ஒழுங்காகத்தான் தெரிந்தது. புதுப் பெட்டி 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் செய்தது, புயலுக்குப் பிறகு.

இன்று பழைய பெட்டியின் கம்பளத்தை உரித்தேன். பின்புறக் கீழ் மூலை ஊறிய அப்பளம் போல் அடுக்கடுக்காக விரிந்திருந்தது. பூஜை அறையிலிருந்து ஊதுபத்தி ஒன்றைக் கொண்டுவந்து அந்த இணைப்பின் அருகில் பிடித்து, கோனை விரல்களால் மெல்ல அழுத்தினேன். நேராக எழுந்துகொண்டிருந்த புகை ஒரு பக்கம் சாய்ந்தது. கையை எடுத்ததும் இடுக்கை நோக்கி இழுபட்டது. மூடிய பெட்டி என்று நான் இரண்டு மாதமாக நம்பியது, ஒரு முழம் நீள வாய் திறந்த பெட்டி.

ஆக, சனவரி 7 அன்று எழுதிய ஒப்பீடு செல்லாது. நல்ல பெட்டியில் வைத்த 83ஐயும் ஓட்டைப் பெட்டியில் வைத்த 92ஐயும் கேட்டுவிட்டு, சென்சிட்டிவிட்டியைப் பற்றித் தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன். கடைக்காரர் செய்ததைத்தான் நானும் திருப்பிச் செய்தேன்.

பிப்ரவரி 16

இரண்டையும் ஒரே பிளைவுட் பெட்டியில் மாற்றி மாற்றிப் பொருத்தி அளந்தேன். கைப்பேசி செயலி பேஸுக்கு உதவாது. அதன் மைக் கீழ் ஒலிகளை வெட்டிவிடும். அளவை மைக் ஒன்றை இரவல் வாங்கி, மடிக்கணினியோடு, யாருக்கும் தொந்தரவு இல்லாத இடம் என்று காலை ஆறு மணிக்கே தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு வண்டியை ஓட்டிச் சென்றேன். மடத்தனம். கடல் காற்று கண்ணாடியில் மோதும் ஒலி 30 ஹெர்ட்ஸில் என் சப்வூஃபரை விடக் கூடுதலாக இருந்தது. வரைபடத்தில் கோட்டுக்குப் பதில் புல்வெளி. திரும்பி வந்து, நெல்லிக்குப்பம் சாலையில் நண்பர் ஒருவரின் நெல் கொட்டகைக்குள் வண்டியை நிறுத்திக் கதவைச் சாத்திய பிறகே அளவு நிலைத்தது.

முதலில் 30 ஹெர்ட்ஸ் அலையை மட்டும் விட்டேன். பின்பார்வைக் கண்ணாடியில் என் முகம் இரண்டாகத் தெரிந்தது. கூடவே ஒரு கரகரப்பு. சப்வூஃபர் கிழிந்துவிட்டதோ என்று பயந்து ஒலியைக் குறைத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தால், டிக்கிக் கதவில் நம்பர் பிளேட். ஆற்றுத் திருவிழா அன்று அடுத்தவர் பிளேட்டைப் பார்த்துச் சிரித்தவன் நான். பழைய சைக்கிள் டியூபைப் பட்டையாக வெட்டிப் பின்னால் வைத்துத் திருகியதும் கரகரப்பு போயிற்று. பின் சீட்டுக்கு மேலுள்ள தட்டுக்கும் அதே வைத்தியம்.

ஒரே வோல்ட் கொடுத்தபோது 80 ஹெர்ட்ஸில் பழையது 6 டெசிபெலுக்கு மேல் முன்னால் இருந்தது. 40இல் இரண்டும் ஒன்று. 30இல் புதியது முன்னால், ஆனால் ஒரு டெசிபெலுக்கும் குறைவாகவே. சனவரி 12 கணக்கோடு ஒத்துப்போகிறது.

பிறகு இரண்டின் வரைகோட்டையும் ஈக்வலைசரில் ஒன்றுக்கொன்று பொருத்தி, சத்தத்தையும் சமமாக்கி, என் மனைவியை முன் சீட்டில் உட்கார வைத்தேன். எதை எப்போது போடுகிறேன் என்று சொல்லவில்லை. ஆறு பாட்டு. பேசிக்கொண்டே கேட்கும் அளவு சத்தத்தில், "இரண்டும் ஒன்றுதானே, எதை மாற்றினீர்கள்?" என்றார். நானும் கண்ணை மூடிக் கேட்டேன், சொல்ல முடியவில்லை. தொப்பி ஒலி இரண்டிலும் உருண்டைதான். அந்த 'பொம்' ஓட்டைப் பெட்டியினுடையது.

சத்தத்தை ஏற்றிய பிறகுதான் பிரிந்தன. ஐந்து தந்தி பேஸ் கிட்டார் வரும் ஒரு பாட்டில், கீழ்த் தந்தியை 31 ஹெர்ட்ஸில் மீட்டும் இடத்தில், பழையதன் கோன் 'டக்' என்று முட்டியது. புதியது அமைதியாகக் கடந்தது.

பிப்ரவரி 17

"முட்டியது" என்றதைத் திருத்துகிறேன். காயில் பின் தகட்டில் மோதும் ஒலி அல்ல. கோனுக்குப் போகும் பின்னல் கம்பி இழுபட்டுக் கோனில் அடித்த ஒலி. கையால் தள்ளிப் பார்த்தேன். எல்லை மீறியதன் விளைவு என்பதில் மாற்றமில்லை.

மார்ச் 2

வெயில் தொடங்கிவிட்டது, வெப்பத்தைப் பற்றி ஒருவர் கேட்டார். இதை முன்பே எழுதியிருக்க வேண்டும். திறன் 0.11 சதவீதம் என்றால், 250 வாட்டில் ஒலியாவது கால் வாட்டுக்குச் சற்று மேல். மீதி முழுவதும் காயிலின் சூடு. செம்பு 100 டிகிரி சூடேறினால் அதன் மின்தடை 39 சதவீதம் கூடும். அதே வோல்ட்டுக்கு உள்ளே போகும் வாட் ஏறத்தாழ 28 சதவீதம் குறையும், சத்தம் அமுங்கும். பாட்டு தொடர்ந்து உச்சத்தில் இருப்பதில்லை என்பதால் நடுவில் ஆறிக்கொள்ள நேரம் கிடைக்கிறது. தொடர்ந்து அலறவிட்டால் பேஸ் மட்டும் மெல்ல மெல்லப் பின்வாங்குவதைக் கவனிக்கலாம். இந்த ஓரிடத்தில் உயர்ந்த சென்சிட்டிவிட்டி நேரடியாகவே நல்லது: அதே சத்தத்துக்குக் குறைந்த சூடு. 40 ஹெர்ட்ஸுக்கு மேலே மட்டும்.

நம் ஊருக்கென்று ஒரு குறிப்பு. உப்புக் காற்றில் ஸ்பீக்கர் முனைகளில் பச்சைக் களிம்பு பிடிக்கும். என் ஆம்பின் எர்த் முனையைச் சுரண்டித் துடைத்ததில் கிடைத்த மாற்றம், எந்த அட்டை எண்ணும் தராத மாற்றம்.

மார்ச் 12

மாசி மகம். சாமிகள் கடலுக்கு வந்து திரும்பும் வழியெல்லாம் குழாய்கள் கட்டியிருந்தார்கள். சனவரி 5 அன்று அந்தக் குழாயைக் கேலி செய்து எழுதியது நினைவுக்கு வந்தது, அது நியாயமில்லை. குழாய் கரகரப்பதற்குக் காரணம் அதன் சென்சிட்டிவிட்டி அல்ல. ஏறத்தாழ 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதற்கு வேலையில்லை, அவ்வளவுதான். குரல் போய்ச் சேர வேண்டும் என்று செய்த பொருள், குரலைக் கொண்டு சேர்க்கிறது. அதே திறனோடு 40 ஹெர்ட்ஸும் வேண்டுமென்றால் குழாயின் வாய்ச் சுற்றளவு அந்த அலைநீளமான 8.6 மீட்டரை நெருங்க வேண்டும், குறுக்களவு 2.7 மீட்டர். காரைக் குழாய்க்குள் வைக்கலாம். அங்கும் ஹாஃப்மன்தான்.

நெல்லிக்குப்பம் நண்பருக்கு: நீங்கள் 50 வாட் அளவில், ஹெட் யூனிட்டோடு (டேஷ்போர்டு ஸ்டீரியோவோடு) வந்த சிறிய ஆம்பை வைத்துக் கேட்பவரானால் 92 வாங்குங்கள், மிச்சப் பணத்தில் நல்ல பிளைவுட் பெட்டி செய்யுங்கள். உண்மையான 300 வாட் ஆம்ப் இருந்து, உரக்கவும் கேட்பவரானால் 83. அட்டையில் முதலில் எக்ஸ்மேக்ஸைப் பாருங்கள், பிறகு எஃப்.எஸ்., கடைசியில் இந்த டெசிபெல்.

என் 92 பாகூரில் பெரியப்பா பேரனின் காருக்குப் போய்விட்டது. 60 வாட்டுக்கு மேல் போகாதே என்று பெட்டியின் மேல் மார்க்கரில் எழுதிக் கொடுத்தேன். நேற்று போன் செய்து, "மாமா, அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு பூஜ்யம் சேர்த்துக்கொள்ளலாமா?" என்று கேட்கிறான்.